சோயாப் புரதத்தின் தரம்: துவரம்பருப்பை நிறுத்திவிட்டு மீல் மேக்கர் போடலாமா?

கேள்வி: தேவகோட்டை வாசகி

அனைவருக்கும் வணக்கம். என் தாயாருக்கு வயது 68, எடை 50 கிலோ. பழனிக்குப் பாதயாத்திரை போகத் தொடங்கிய காலத்திலேயே அசைவத்தை விட்டுவிட்டார்கள், முட்டையும் சேர்ப்பதில்லை. அண்மையில் படியேறும்போது கால் தளர்கிறது என்று சொன்னதால் மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். தசை குறைந்திருக்கிறது, உணவில் புரதத்தைக் கூட்டுங்கள் என்றார். சிங்கப்பூரில் இருக்கும் என் தம்பி இதைக் கேட்டதும், வெர்னன் யங் என்ற ஊட்டச்சத்து விஞ்ஞானியின் ஆய்வுகளை அனுப்பி, சோயாப் புரதம் பாலுக்கும் இறைச்சிக்கும் இணையானது என்று அவர் மனிதர்களிடமே சோதித்துக் காட்டியிருக்கிறார், ஆகவே துவரம்பருப்பை நிறுத்திவிட்டு மீல் மேக்கரைப் போடு என்கிறான்.

எனக்கு ஒரு தயக்கம். நான் மனையியல் படித்த காலத்துப் பாடநூலில் சோயாவின் புரதம் பாலைவிடப் பல படிகள் தாழ்ந்தது என்றும், மெத்தியோனைன் என்ற அமினோ அமிலம் (புரதத்தைக் கட்டும் கூறுகளில் ஒன்று) அதில் போதாது என்றும் இருந்தது. ஒரே பொருளுக்கு இரண்டு மதிப்பெண் எப்படி வரும்? அம்மா காலையில் மூன்று இட்லி, மதியம் கொஞ்சம் சோறும் சாம்பாரும் ஒரு காய் மண்டியும், இரவில் தேங்காய்ப்பால் ஊற்றி இடியாப்பம் சாப்பிடுவார்கள். இரண்டு வேளை காப்பி, சிறிது மோர். தைராய்டு மாத்திரையும் எடுக்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியாக இருக்கும்.

பதில்: பள்ளத்தூர் உணவியல் ஆசிரியர் (ஓய்வு)

தங்கைக்கு வணக்கம். உங்கள் பாடநூலும் தம்பி அனுப்பிய ஆய்வும் தத்தம் அளவுகோலின்படி சரியானவைதாம், அளவுகோல்தான் மாறியிருக்கிறது.

பாடநூலில் இருந்தது எலியை வைத்துக் கண்ட மதிப்பு. ஆஸ்போர்ன், மெண்டல், ஃபெர்ரி ஆகிய மூவரும் 1919இல் வகுத்த முறை அது. வளரும் எலிக்குட்டிக்கு ஒரு குறிப்பிட்ட புரதத்தை மட்டும் கொடுத்து, உண்ட ஒவ்வொரு கிராம் புரதத்துக்கும் அதன் எடை எவ்வளவு கூடியது என்று பார்ப்பார்கள். முறை எளிமையானது, பல பத்தாண்டுகள் கோலோச்சியது. ஆனால் எலியின் உடல் முழுவதும் ரோமம் இருப்பதையும், ரோமத்தின் புரதத்தில் கந்தகம் கொண்ட சிஸ்டைன் என்ற அமினோ அமிலம் மிகுதியாக இருப்பதையும் எண்ணிப் பாருங்கள். வேகமாக வளர்ந்து ரோமமும் வளர்க்க வேண்டிய எலிக்கு மெத்தியோனைன், சிஸ்டைன் இரண்டும் மனிதனைவிட அதிகம் தேவைப்படுகின்றன. சோயாவில் ஒப்பீட்டளவில் குறைவாக இருப்பவையும் இவையே. ஆகவே எலி கொடுத்த மதிப்பெண், எலியைப் பொறுத்தவரை நியாயமானது.

வேல்ஸில் பிறந்து, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய வெர்னன் யங், நெவின் ஸ்கிரிம்ஷாவுடனும் மற்றவர்களுடனும் சேர்ந்து 1970களிலும் 80களிலும் செய்தது, இந்தக் கேள்வியை மனிதனிடம் கொண்டுவந்ததுதான். தன்னார்வ இளைஞர்களுக்கு வெவ்வேறு அளவில் சோயாப் புரதத்தையோ பால், மாட்டிறைச்சி ஆகியவற்றின் புரதத்தையோ கொடுத்து, புரதத்தின் அளவைக் காட்டும் நைட்ரஜன் உணவில் உள்ளே போனதையும் சிறுநீரிலும் மலத்திலும் வெளியேறியதையும் கணக்கிட்டார்கள். நன்கு பதப்படுத்திய சோயாப் புரதம், வளர்ந்தவர்களின் உடலைக் காப்பதில் விலங்குப் புரதத்துக்கு ஏறத்தாழ ஈடாக நின்றது. வழக்கமான அளவில் உண்ணும்போது கூடுதலாக மெத்தியோனைன் சேர்த்ததால் பயன் எதுவும் இல்லை. கைக்குழந்தைகளின் நிலை வேறு என்பதையும் சொல்லிவிட வேண்டும். சோயாவில் செய்யும் குழந்தை உணவுகளில் இன்றும் மெத்தியோனைனைத் தனியாகச் சேர்த்தே விற்கிறார்கள்.

பிறகு அளவுகோலையே மாற்றினார்கள். ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் 1989இல் கூட்டிய வல்லுநர் குழு, எலியின் வளர்ச்சியைக் கைவிட்டு, புரதத்தில் உள்ள அமினோ அமிலங்களை மனிதத் தேவையோடு ஒப்பிட்டு, அதைச் செரிமான அளவால் பெருக்கும் முறையைப் பரிந்துரைத்தது. பி.டி.சி.ஏ.ஏ.எஸ். என்று குறிப்பிடப்படுவது இதுதான். அதில் முழு மதிப்பெண் 1. சோயாவிலிருந்து பிரித்தெடுத்த தூய புரதம் 0.95 முதல் 1 வரை வாங்கியது; கோதுமை பாதியைக்கூடத் தொடவில்லை. 2013இல் அதையும் திருத்தி, சிறுகுடலின் முடிவில் ஒவ்வொரு அமினோ அமிலமும் எவ்வளவு உறிஞ்சப்பட்டது என்று பார்க்கும் டயாஸ் முறையைக் கொண்டுவந்தார்கள். இதில் 1 என்ற உச்சவரம்பு இல்லாததால் பால் ஒன்றைத் தாண்டிப் போய்விட்டது. தூய சோயாப் புரதம் 0.9 அளவில் நின்றது. வேகவைத்த சோறும் வேகவைத்த ராஜ்மாவும் தனித்தனியே 0.6ஐ ஒட்டி நின்றன. வறுத்த வேர்க்கடலை 0.43தான்.

இந்த எண்களைப் பார்த்துத்தான் உங்கள் தம்பி பருப்பை நிறுத்தச் சொல்கிறார் என்று நினைக்கிறேன். ஆனால் இவை எல்லாமே அந்த ஒரு பொருளை மட்டுமே புரதத்துக்கு நம்பி உண்டால் என்ன ஆகும் என்ற கேள்விக்கான விடைகள். சோற்றில் குறைவது லைசின் என்ற அமினோ அமிலம். பருப்பில் குறைவது மெத்தியோனைன். இரண்டும் சேரும்போது ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புவதால், சேர்ந்த உணவின் மதிப்பெண் இரண்டின் தனி மதிப்பெண்ணையும் விட உயர்ந்துவிடுகிறது. பருப்பை எடுத்துவிட்டு அதே அளவு புரதம் தரும் சோயாவை அந்த இடத்தில் வைத்தால், தரத்தில் கிடைக்கும் ஆதாயம் சிறியதுதான்.

தம்பி கவனிக்காமல் விட்ட இன்னொரு பகுதியும் யங்கின் பணியில் உண்டு. என் கணிப்பில் நம்மைப் போன்ற சோறு உண்பவர்களுக்கு அதுவே முக்கியமானது. வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு 12 மில்லிகிராம் லைசின் போதும் என்று 1985ஆம் ஆண்டுச் சர்வதேச அறிக்கை சொன்னது. அது மிகக் குறைவு என்று, கார்பன் அணுவில் அடையாளமிட்ட அமினோ அமிலங்களை உடலுக்குள் அனுப்பிப் பார்த்து யங் வாதிட்டார். பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் அனுரா குர்பாட் குழுவினர், யங்குடன் இணைந்து, இந்தியர்களிடமே அதைச் சோதித்தார்கள். 2007இல் வந்த அறிக்கை அந்த அளவை 30 மில்லிகிராமாக உயர்த்தியது. தேவை இரண்டரை மடங்கானபோது, லைசின் குறைந்த அரிசியையும் கோதுமையையும் பெரிதும் நம்பியிருக்கும் மக்களின் உணவைத்தான் அது முதலில் கேள்விக்குள்ளாக்கியது.

பதில்: புதுவயல் ஆலைக்காரர்

ஆசிரியர் ஐயா சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் நம் ஊர்ப் பலகாரங்களை வைத்துப் பார்த்தால் இந்த லைசின் கணக்கை நம் அப்பத்தாமார்கள் தெரியாமலே முடித்து வைத்திருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வெள்ளைப் பணியாரத்துக்கு ஆழாக்கில் பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதன்மேல் உளுந்தைக் கோபுரமாகக் குவிப்பார்கள். ஆடிக் கும்மாயத்தில் உளுந்துதான் பெரும்பங்கு. பாசிப்பருப்பும் பச்சரிசியும் துணைக்குத்தான். பருப்புருண்டைக் குழம்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இவ்வளவு இருக்கும்போது மத்தியப் பிரதேசத்தில் விளைந்து, ஆலையில் எண்ணெயைப் பிழிந்தெடுத்த பிறகு மிஞ்சும் மாவில் செய்த உருண்டைக்கு நாம் ஏன் போக வேண்டும்?

ஆலை நடத்துகிறவன் என்ற முறையில் இன்னொன்று: கடைக்கு வருகிறவர்கள் புரதத்துக்காகக் கைக்குத்தல் அரிசி, கவுனி அரிசி என்று கேட்கிறார்கள். நார்ச்சத்துக்கும் பி வைட்டமினுக்கும் அவற்றை வாங்கலாம். புரதத்தைப் பொறுத்தவரை எந்த அரிசியும் நூறு கிராமுக்கு ஏழு முதல் ஒன்பது கிராம்தான். விலையைக் கொடுத்து ஒன்றிரண்டு கிராம் தேடுவதில் பொருளில்லை.

பதில்: பள்ளத்தூர் உணவியல் ஆசிரியர் (ஓய்வு)

ஆலைக்காரத் தம்பி சொன்னதில் பாதி எனக்கு உடன்பாடு. நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து போட்ட இட்லி மாவையே கணக்கிட்டுப் பாருங்கள். எடையில் ஐந்தில் ஒரு பங்கே இருக்கும் உளுந்து, புரதத்தில் ஏறத்தாழ பாதியைத் தருகிறது. ஒரு கிராம் புரதத்துக்குச் சுமார் 49 மில்லிகிராம் லைசின் வருகிறது. டயாஸ் முறையைக் கொண்டுவந்த 2013 அறிக்கை மூன்று வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வைத்திருக்கும் அளவு 48. பணியாரமும் கும்மாயமும் இதைவிட மேலே நிற்கும். ஆனால் கும்மாயம் ஆடிக்கு ஒரு முறை, வெள்ளைப் பணியாரம் விசேஷ நாளுக்கு ஒரு முறை. பலகாரத் தட்டை வைத்து அன்றாடச் சாப்பாட்டை எடைபோடக் கூடாது.

ஆகவே தங்கையின் தாயார் உண்பதையே எடுத்துக்கொள்வோம். மூன்று இட்லியில் 6 கிராம் புரதம். மதியச் சோறும் இரவு இடியாப்பமும் சேர்ந்து 10 கிராம். சாம்பாரில் அவர்கள் பங்குக்கு 20 கிராம் பருப்பு விழுந்திருந்தால் அதில் 4.5 கிராம், காப்பிப் பாலும் மோரும் 5 கிராம். ஆக நாளொன்றுக்கு 25 கிராமை ஒட்டி வருகிறது. இதில் லைசின் எவ்வளவு என்று கூட்டினால் 1,350 மில்லிகிராம் அளவில் நிற்கிறது. அதாவது கிராமுக்கு 54. தரத்தில் குறையே இல்லை!

குறை அளவில் இருக்கிறது. குன்னூரில் 1918இல் சிறு ஆய்வுக்கூடமாகத் தொடங்கி 1958இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்த தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, நல்ல தரமான புரதம் கிலோவுக்கு 0.83 கிராம் வேண்டும். 50 கிலோவுக்கு அது 41.5 கிராம். முதியவர்களுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை தேவை என்று 2013இல் ஒரு பன்னாட்டு வல்லுநர் குழு சொல்லியிருக்கிறது. அதன்படி 50 முதல் 60 கிராம். உங்கள் தாயார் உண்பது அதில் பாதிதான். இப்படிப் பார்க்கும்போது, சோயாவின் மதிப்பெண் 0.9ஆ 1ஆ என்று நாம் இங்கே விவாதிப்பதற்கும் அவர்களின் கால் தளர்வுக்கும் தொடர்பு மிகக் குறைவு.

இந்த இடத்தில்தான் மீல் மேக்கருக்கு ஒரு நியாயமான இடம் வருகிறது. காய்ந்த நிலையில் அதன் எடையில் பாதி புரதம். 20 கிராம் துவரம்பருப்பு 4.5 கிராம் தந்தால், 20 கிராம் மீல் மேக்கர் 10 கிராம் தருகிறது. கூடவே 600 மில்லிகிராமுக்குக் குறையாத லைசின். வயதானவர்களுக்குப் பசி குறைவு. இன்னும் ஒரு கரண்டி சாம்பார், இன்னும் ஒரு கிண்ணம் சுண்டல் என்று திணிக்க முடியாது. சிறிய அளவில் அதிகப் புரதம் என்பதே சோயாவிடம் நமக்குக் கிடைக்கும் உதவி. ஆகவே பருப்பை நிறுத்த வேண்டாம். அதன்மேல் இதைச் சேர்க்க வேண்டும். மீல் மேக்கர் 20 கிராம், பால் இன்னும் ஒரு டம்ளர், சாம்பாரில் பருப்பு இருமடங்கு, மாலையில் ஒரு சிறு கை அளவு கொண்டைக்கடலைச் சுண்டல் என்று கூட்டினாலே 50ஐத் தாண்டிவிடும்.

செரிமானத்தையும் ஒரு வரியில் சொல்கிறேன். பெங்களூருக் குழுவினர் இந்தியர்களிடம் அளந்தபோது, தோலோடு உள்ள பச்சைப்பயற்றின் அமினோ அமிலங்களில் அறுபது சதவீதத்தைச் சற்றே தாண்டிய அளவுதான் உறிஞ்சப்பட்டது. தோல் நீக்கியபோது அது எழுபதுக்கு ஏறியது. முளைகட்டிய பயறுதான் உயர்ந்தது என்று நம்பித் தினமும் மெல்ல முடியாமல் மெல்லும் பெரியவர்களுக்கு, தோல் நீக்கிய பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்துக் கொடுப்பதே மேல்.

பதில்: கானாடுகாத்தான் ஆச்சி

கணக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் மீல் மேக்கரை வாங்கிப் பொட்டலத்தில் போட்டிருப்பதுபோல் வெந்நீரில் ஒரு தடவை போட்டெடுத்துக் குழம்பில் விட்டால், சோயா வாடையால் வயதானவர்கள் இரண்டாம் நாளே தட்டைத் தள்ளிவிடுவார்கள். கொதிக்கும் நீரில் உப்புப் போட்டு ஊறவைத்து, ஒட்டப் பிழிந்து, மறுபடியும் பச்சைத் தண்ணீரில் அலசிப் பிழிய வேண்டும். ஊறியபின் இரண்டு மடங்குக்கு மேல் எடை கூடிவிடும். ஆகவே 20 கிராம் என்பதைக் காய்ந்த நிலையிலேயே நிறுத்துக்கொள்ளுங்கள்.

பல் இல்லாதவர்களுக்கு உருண்டையாகக் கொடுக்கவே கூடாது; ரப்பர் போல் இழுக்கும். பிழிந்ததை மிக்ஸியில் ஒரு சுற்றுச் சுற்றிக் கொத்துக்கறி பதத்துக்கு உதிர்த்து, சோம்பு, பட்டை, கல்பாசி தாளித்து, சின்ன வெங்காயம் நிறைய வதக்கி, தேங்காயும் கசகசாவும் அரைத்து ஊற்றினால் சோற்றில் பிசைந்து சாப்பிட எளிதாக இருக்கும். அதே உதிர்த்த மீல் மேக்கரை ஊறவைத்த கடலைப்பருப்பு, துவரம்பருப்போடு சேர்த்து அரைத்துப் பருப்புருண்டைக் குழம்பிலும் போடலாம். கால் பங்குக்கு மேல் போனால் உருண்டை உதிரும். கோலா உருண்டையாகவும் செய்யலாம், ஆனால் எண்ணெயில் பொரிப்பதைத் தினமும் கொடுக்க முடியாது.

முழு சோயாப்பயற்றை வாங்கினால் இரவு முழுவதும் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, குக்கரில் நன்றாகக் குழைய விட வேண்டும். அரைவேக்காட்டில் சாப்பிட்டால் வயிறு கெட்டுப்போகும்.

பதில்: பள்ளத்தூர் உணவியல் ஆசிரியர் (ஓய்வு)

ஆச்சி கடைசியாகச் சொன்னதற்கு ஆதாரம் மிகப் பழையது. வேகாத சோயாவை உண்ட எலிகள் வளரவில்லை, வேகவைத்ததை உண்டவை வளர்ந்தன என்று ஆஸ்போர்னும் மெண்டலும் 1917லேயே எழுதினார்கள். புரதத்தைச் செரிக்கும் டிரிப்சின் என்ற நொதியைத் தடுக்கும் பொருள் பச்சைச் சோயாவில் இருக்கிறது. மோசஸ் குனிட்ஸ் 1940களில் அதைப் படிகமாகவே பிரித்தெடுத்தார். வெப்பம் அதை அழிக்கிறது. மீல் மேக்கர் ஆலையிலேயே உயர்ந்த சூட்டிலும் அழுத்தத்திலும் பிதுக்கப்படுவதால் அதில் இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை. பச்சைச் சோயா மாவை அப்படியே பாலில் கலந்து குடிக்கச் சொல்லும் யோசனைகளைத் தவிர்த்துவிடுங்கள்.

மறுமொழி: தேவகோட்டை வாசகி

அண்ணனுக்கும் ஆச்சிக்கும் நன்றி. அம்மா உண்பதில் தரக் குறைவு இல்லை, அளவுதான் பாதி என்பது எனக்குப் புதிய செய்தி. இரண்டு ஐயங்கள் மீதமிருக்கின்றன. தைராய்டு மாத்திரை எடுப்பவர்களுக்குச் சோயா ஆகாது என்று பலர் சொல்கிறார்கள். மேலும் இந்த ஆய்வுகளுக்குச் சோயா நிறுவனங்களே பணம் கொடுக்கின்றன என்றும் படித்தேன். அப்படியானால் எவ்வளவு நம்புவது?

பதில்: காரைக்குடி மருந்தாளுநர்

முதல் ஐயத்துக்கு: சோயா, தைராய்டு மாத்திரை குடலில் உறிஞ்சப்படுவதைக் குறைக்கக்கூடும். ஆகவே மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, காப்பிக்கும் இட்லிக்கும் அரைமணி முதல் ஒரு மணி நேரம் இடைவெளி விட்டு, மீல் மேக்கரை மதியத்துக்கு வைத்துக்கொண்டால் இரண்டும் ஒன்றோடொன்று மோதாது. அயோடின் போதிய அளவு உள்ளவர்களுக்குச் சோயா தைராய்டைக் கெடுக்கிறது என்பதற்கு மனித ஆய்வுகளில் வலுவான ஆதாரம் கிடைக்கவில்லை. இருந்தாலும் உணவை மாற்றுவதை மருத்துவரிடம் சொல்லிவைத்து, ஆறு முதல் எட்டு வாரம் கழித்து டி.எஸ்.எச். என்ற தைராய்டு இரத்தப் பரிசோதனை பார்த்துக்கொள்வது முறை. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு 50, 60 கிராம் என்ற இந்தக் கணக்கு பொருந்தாது.

இரண்டாவது ஐயம் நியாயமானது. தூய சோயாப் புரதத்துக்கு 0.95 முதல் 1 வரை மதிப்பெண் கொடுத்த 2011 ஆய்வைச் செய்தவர்களே அந்தப் புரதத்தை விற்ற நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள். உடற்பயிற்சியோடு சேர்த்து உண்ணும்போது தசை வலிமையில் சோயாவுக்கும் விலங்குப் புரதத்துக்கும் வேறுபாடு இல்லை என்று 2018இல் பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்ன மார்க் மெசினாவும் சோயாத் தொழில்துறை ஆதரிக்கும் அமைப்பில் பணியாற்றியவர். மறுபுறம், டயாஸ் முறையில் உச்சவரம்பை நீக்கியதால் அதிக ஆதாயம் பால் தொழிலுக்குத்தான். யார் பணம் கொடுத்தது என்று பார்ப்பது நல்லதே. ஆனால் வெவ்வேறு தரப்பினர் அளந்தும் தூய சோயாப் புரதம் 0.9க்கும் 1க்கும் இடையிலேயே நிற்பதால், அந்த எண்ணை நான் நம்புகிறேன். நான் சந்தேகிப்பது விளம்பரத்தை. சோயாப் புரதம் இதயத்தைக் காக்கும் என்று பொட்டலத்தில் அச்சிட அமெரிக்க அரசின் உணவு, மருந்துத் துறை 1999இல் இசைவளித்தது; ஆதாரம் சீராக இல்லை என்று 2017இல் அதைத் திரும்பப் பெற அதே துறை முன்மொழிந்தது.

தசையைப் பற்றி ஒன்று. ஒரு வேளைக்குப் பிறகு தசை உருவாவதைத் தூண்டுவதில் பாலின் வே புரதம் சோயாவைவிடச் சற்று முந்துகிறது; அதில் லூசின் என்ற அமினோ அமிலம் அதிகம் என்பது முக்கியக் காரணம். அதனால்தான் ஆசிரியர் ஐயா பாலையும் கூட்டச் சொன்னதை நான் வழிமொழிகிறேன். ஆனால் உட்கார்ந்தே இருப்பவர்களுக்கு எந்தப் புரதமும் தசையாக மாறுவது கடினம். முற்றத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சியைக் காலையும் மாலையும் செய்யச் சொல்லுங்கள்.

மறுமொழி: தேவகோட்டை வாசகி

மிக்க நன்றி. சோற்றையும் பருப்பையும் ஒரே வேளையில் சேர்த்து உண்டால்தான் பலன் உண்டா? இரவு இடியாப்பத்தோடு அம்மா குழம்பு சேர்ப்பதில்லை. தேங்காய்ப்பால்தான் வேண்டும் என்பார்கள்.

பதில்: பள்ளத்தூர் உணவியல் ஆசிரியர் (ஓய்வு)

வேளைக்கு வேளை ஈடுகட்ட வேண்டியதில்லை. ஒரு நாளின் மொத்தத்தில் சரியாக இருந்தால் போதும் என்று யங்கும் பீட்டர் பெல்லெட்டும் 1994இல் எழுதிய கட்டுரையிலேயே தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். தேங்காய்ப்பாலில் புரதம் மிகச் சொற்பம். அதில் ஊறிய இடியாப்பம் மட்டும் என்றால் அந்த வேளையில் நான்கைந்து கிராமைத் தாண்டாது. விருப்பத்தைக் கெடுக்க வேண்டாம். பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்து அதே தேங்காய்ப்பாலில் கரைத்து, ஏலக்காயும் கொஞ்சம் கருப்பட்டியும் சேர்த்து ஊற்றிக் கொடுங்கள்; சர்க்கரை நோய் இருந்தால் கருப்பட்டியை விட்டுவிட்டு உப்பும் சீரகமும் போதும்.